தடை விதித்த ஒரு கடிதம்: ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994

1994 ஜூன் 15 அன்று தமிழ்நாட்டின் சிறைத்துறைத் தலைவர் ‘நக்கீரன்’ வார இதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக வெளியிடப்போவதாக அதற்குச் சில வாரங்களுக்கு முன் அந்த இதழ் அறிவித்திருந்தது. அப்படி எதையும் தாம் எழுதவில்லை என்று கைதி மறுத்துவிட்டார், ஆகவே தொடரை நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்பதே கடிதத்தின் சாரம். அதை எதிர்த்து ஆசிரியர் ஆர். ராஜகோபாலும் இணை ஆசிரியரும் அரசமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவின் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றனர். நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டி, எஸ்.சி. சென் ஆகியோர் கொண்ட அமர்வு அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று தீர்ப்பளித்தது.

சட்டக் கல்லூரிகளில் இத்தீர்ப்பு பெரும்பாலும் அந்தரங்க உரிமை வழக்காகவே படிக்கப்படுகிறது. அந்தத் தலைப்பில் அதற்கு உரிய இடம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் வழக்கின் காகிதங்களை வரிசையாகப் படித்தால், ஒரு கைதியின் அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அரசு தன் அதிகாரிகளைக் காத்துக்கொள்ள முடியுமா, அதற்கு எந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது என்ற கேள்விதான் முதலில் எழுந்திருக்கிறது. அந்தரங்க உரிமை அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய வழியில் நீதிமன்றம் கடந்து சென்ற ஓர் ஊர்.

வழக்கின் பின்னணி

கௌரி சங்கர் என்ற ஆட்டோ சங்கர் ஆறு கொலைகளுக்காக விசாரிக்கப்பட்டவர். செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991 மே 31 அன்று விதித்த மரண தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1992 ஜூலை 17 அன்று உறுதிசெய்தது. அவருடைய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 1994 ஏப்ரல் 5 அன்று தள்ளுபடி செய்தது. தொடர் பற்றிய அறிவிப்பு வெளிவந்தபோது அவருடைய கருணை மனு குடியரசுத் தலைவரிடம் நிலுவையில் இருந்தது.

மனுதாரர்கள் சொன்ன கதை இது. சங்கர் 1991இல் சிறையில் இருந்தபடியே ஏறத்தாழ 300 பக்கங்களில் தம் வாழ்க்கையை எழுதினார். சிறை அதிகாரிகள் அறிய அதைத் தம் மனைவியிடம் கொடுத்தார். அது அவருடைய வழக்கறிஞர் வழியாக இதழுக்கு வந்து சேர்ந்தது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் உட்படப் பலரோடு அவருக்கு இருந்த நெருக்கத்தை அந்த எழுத்து பேசியது. அவர்களில் சிலர் அவருடைய குற்றங்களிலேயே கூட்டாளிகள் என்றும் சொன்னது. அறிவிப்பு வெளிவந்ததும் காவல் துறையிலும் சிறைத் துறையிலும் கலக்கம் பரவியது என்றும், கைதியை அடித்துத் துன்புறுத்தி, தொடரை வெளியிட வேண்டாம் என்று கடிதங்கள் எழுத வைத்தார்கள் என்றும் மனு குற்றம் சாட்டியது. அரசுத் தரப்பின் பதில் மனு இவற்றை மறுத்தது.

ஜூன் 15 கடிதத்தில் இருந்த ஒரு வாதத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சிறையிலிருக்கும் ஒருவர் நூல் எழுத வேண்டுமென்றால் அதற்கான சிறை விதிகள் பின்பற்றப்பட வேண்டும், அவை பின்பற்றப்படவில்லை, ஆகவே இத்தொடரைக் கைதி எழுதியிருக்க முடியாது என்ற போக்கில் அது அமைந்திருந்தது. விதியை மீறி ஒரு காரியம் நடந்ததா என்பதே கேள்வியாக இருக்கும்போது, விதி இருப்பதையே அக்காரியம் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவது அலுவலகக் கோப்புகளுக்கே உரிய தர்க்கம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதழை நிறுத்தச் சொல்ல எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தமக்கு அதிகாரம் தருகிறது என்பதற்கு அரசுத் தரப்பு கடைசிவரை பதில் சொல்லவில்லை.

வழக்கில் இல்லாத மனிதர்

வாழ்க்கை யாருடையதோ அவர் இந்த வழக்கில் தரப்பினர் அல்லர். சங்கரோ, அவருடைய மனைவியோ, அவருடைய வழக்கறிஞரோ சேர்க்கப்படவில்லை. எழுதினார் என்கிறது இதழ். எழுதவில்லை என்கிறது அவரைப் பூட்டி வைத்திருக்கும் துறை. இரண்டில் எது உண்மை என்று முடிவுசெய்ய நீதிமன்றத்திடம் எதுவும் இல்லை. ஆகவே அவர் எழுதவுமில்லை, வெளியிட அனுமதிக்கவுமில்லை என்ற அனுமானத்தின் மீதே அமர்வு சட்டக் கேள்விகளை ஆராய்ந்தது.

இந்த அனுமானத்தின் விளைவு பெரிது. அவரே எழுதி, அவரே வெளியிடக் கொடுத்திருந்தால் அந்தரங்க மீறல் என்ற பேச்சுக்கே இடமில்லை. சம்மதமின்றி ஒருவரின் கதையை எழுதலாமா என்ற கேள்வி பிறந்ததே, சம்மதம் இல்லை என்று வைத்துக்கொண்டதால்தான். இந்திய அந்தரங்கச் சட்டத்தின் முக்கியமான மைல்கற்களில் ஒன்று, நிறுவப்படாத ஓர் உண்மைநிலையின் மேல் நடப்பட்டது என்பதைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. அடிப்படை உரிமைக்கான நேரடி ரிட் மனுவில் கைதிக்கு அறிவிப்பு அனுப்பி அவர் சொல்லைக் கேட்டிருக்க முடியாதா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. மனுதாரர்கள் அவரைச் சேர்க்காதது அவர்களுடைய குறைதான். ஆனால் சிறைத்துறையின் வாய்வழியாக மட்டுமே ஒரு கைதியின் விருப்பம் நீதிமன்றத்துக்கு வந்து சேரும் நிலையை அமர்வு இன்னும் கூர்ந்து பார்த்திருக்கலாம்.

கைதிக்காகத் தாங்கள் பேசலாம் என்ற சிறைத்துறையின் நிலைப்பாட்டுக்கு நீதிமன்றம் தந்த பதில் சுருக்கமானது, ஆனால் கெட்டியானது. தம் அந்தரங்க உரிமையைக் காக்கும்படி சங்கர் சிறை அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டதாகவோ அவர்களுக்கு அதிகாரம் அளித்ததாகவோ பதில் மனுவில் இல்லை. அவ்வாறு செய்ய அவர்களை அனுமதிக்கும் சிறை விதி எதுவும் காட்டப்படவில்லை. அப்படியே இருந்தாலும் நடவடிக்கைக்கான சமயம் வெளியீட்டுக்குப் பின்தான் வரும், முன் வராது. இந்த மூன்று காரணங்களும் அடுத்தடுத்து வரும் சில வரிகளில் அடங்கிவிடுகின்றன. தீர்ப்பிலேயே மிக முக்கியமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. ஏனென்றால், ஒருவரைத் தன் காவலில் வைத்திருக்கும் அரசு, அவருடைய உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் நபரின் பேச்சை அடைக்க முயல்வது மிக வசதியான உத்தி. தன் முகத்தைக் காட்டாமலே தனக்கு வேண்டியதை அது சாதித்துக்கொள்ள முடியும்.

அதிகாரம் எங்கிருந்து வந்தது

பிரிவு 19(1)(அ) தரும் பேச்சுரிமையைப் பிரிவு 19(2)இல் சொல்லப்பட்ட காரணங்களுக்காக மட்டுமே கட்டுப்படுத்தலாம். அந்தக் கட்டுப்பாடும் ஒரு சட்டத்தின் வழியாகவே வர வேண்டும், நியாயமானதாகவும் இருக்க வேண்டும். அதிகாரியின் கடிதம், துறைச் சுற்றறிக்கை, அமைச்சரின் வாய்மொழி ஆணை ஆகியவை எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும் சட்டம் ஆகா. 1962இல் தீர்க்கப்பட்ட கரக் சிங் வழக்கில், சட்ட அடிப்படையற்ற காவல் துறை விதிகளைக் காட்டி இரவில் வீட்டுக்குள் வந்து சோதிப்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றும் பாட மறுத்ததற்காகக் கேரளத்தில் மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கில், கல்வித்துறைச் சுற்றறிக்கைகள் சட்டமாகா என்று 1986இல் அதே நீதிமன்றம் சொன்னது. ராஜகோபால் தீர்ப்பும் இந்த வழியில்தான் நடக்கிறது: தடை விதிக்க அதிகாரம் தரும் சட்டம் எதுவும் எங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை, ஆகவே தடை விதிக்க முடியாது.

இதோடு, வியட்நாம் போர் பற்றிய இரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகள் வெளியிடுவதைத் தடுக்க அமெரிக்க அரசு முயன்ற பென்டகன் ஆவணங்கள் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1971இல் சொன்னதையும் அமர்வு எடுத்தாண்டது. வெளியீட்டுக்கு முன்பே விதிக்கப்படும் தடை எதுவாயினும் அது அரசமைப்புக்கு முரணானது என்ற வலுவான ஊகத்தோடுதான் நீதிமன்றத்துக்கு வருகிறது, அதை நியாயப்படுத்தும் பாரம் அரசையே சேரும் என்பது அக்கருத்து. அவதூறுக்கு அஞ்சும் அதிகாரிக்குத் தீர்வு உண்டு என்றால் அது வெளியீட்டுக்குப் பின்னரே என்று அமர்வு முடிவுசெய்தது.

இவ்விரண்டில் முதல் அடித்தளம் உறுதியானது. இரண்டாவது அத்தனை உறுதியானதாக எனக்குப் படவில்லை. இந்தியாவில் முன்தடை என்பதே செல்லாது என்று எப்போதும் சொல்லப்பட்டதில்லை. 1950இல் சென்னை மாகாண அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்த ரொமேஷ் தாப்பர் வழக்கில் அத்தடை வீழ்ந்தது. அடுத்த ஆண்டே முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தை 19(2)இல் சேர்த்தது. 1957இல் பஞ்சாப் பத்திரிகைச் சட்டத்தை ஆராய்ந்தபோது, காலவரம்பும் முறையீட்டு வாய்ப்பும் இருந்த பிரிவை உச்ச நீதிமன்றம் ஏற்று, அவை இல்லாத பிரிவை மட்டும் நீக்கியது. திரைப்படத் தணிக்கை 1970இல் ஏற்கப்பட்டது. ஆகவே, நாளை சட்டமன்றமே ஒரு முன்தடைச் சட்டம் இயற்றினால் ராஜகோபால் தீர்ப்பு எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்பது விவாதத்துக்குரியது. சட்டமே இல்லாமல் கடிதம் எழுதும் அதிகாரிக்கு எதிராக அது முழுப் பலத்தோடு நிற்கும். நடைமுறையில் பத்திரிகைகள் சந்திப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான்.

அந்தரங்கமும் பொது ஆவணமும்

தனித்து விடப்படும் உரிமை, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் பிரிவு 21இன் உள்ளடக்கம் என்று அமர்வு சொன்னது. குடும்பம், திருமணம், மகப்பேறு, தாய்மை, கல்வி போன்றவற்றைப் பற்றி ஒருவரின் சம்மதமின்றி யாரும் வெளியிடக் கூடாது. எழுதியது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது பொருட்டல்ல. தாமே முன்வந்து பொது விவாதத்தில் இறங்கியவரின் நிலை வேறு. நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இடம்பெற்றுவிட்ட செய்திக்கு அந்தரங்கப் பாதுகாப்பு இல்லை. பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்களின் பெயர் மட்டும் இதற்கு விலக்கு. இவற்றைச் சங்கரின் கதைக்குப் பொருத்தியபோது, பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு அவருடைய சம்மதமின்றியே எழுதலாம், அதைத் தாண்டினால் பின்விளைவுகளுக்கு இதழே பொறுப்பு என்ற முடிவு கிடைத்தது.

தாண்டினால் யார் கேட்பது? 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பு வந்து ஏழு மாதங்கள்கூட ஆகவில்லை. வெளியீட்டுக்குப் பின்னான தீர்வு என்பது அதிகாரிகளைப் பொறுத்தவரை முழுமையானது. அவர்களுக்கு வழக்கறிஞரும் காலமும் இருந்தன. தூக்குமேடையின் நிழலில் இருந்தவருக்கு அது ஏட்டளவில்தான். இதனால் முன்தடை சரியாகிவிடாது என்றாலும், அந்தரங்க உரிமையை அவருக்கு வழங்குவதாகச் சொன்ன தீர்ப்பு அவருக்கு எதைக் கொடுத்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதை இரு நீதிபதிகள் அமர்வு சொல்லியிருந்ததால் பின்னாளில் ஒரு சிக்கலும் வந்தது. எட்டு நீதிபதிகள் கொண்ட எம்.பி. சர்மா அமர்வும், ஆறு நீதிபதிகள் கொண்ட கரக் சிங் அமர்வும் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்காதிருந்தபோது, சிறிய அமர்வு அதை எப்படி ஏற்கலாம் என்று ஆதார் வழக்கில் 2015இல் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர் வாதிட்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட புட்டசாமி அமர்வு அந்தப் பழைய கருத்துகளை விலக்கிய பின்பே இந்தப் பகுதி ஐயத்திலிருந்து மீண்டது.

அரசுக்கு மானம் உண்டா

அமெரிக்காவின் சல்லிவன் வழக்கையும் (1964) இங்கிலாந்தின் டெர்பிஷயர் வழக்கையும் (1993) முன்வைத்து, அரசோ, உள்ளாட்சி அமைப்போ, அரசதிகாரம் செலுத்தும் வேறு அமைப்போ தன்னை அவதூறு செய்ததாக இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர முடியாது என்று அமர்வு அறிவித்தது. அதிகாரிகளைப் பொறுத்தவரை, அலுவல் சார்ந்த நடத்தை பற்றிய செய்தி தவறாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் எழுதப்பட்டது என்று நிறுவினால்தான் இழப்பீடு கிடைக்கும். நியாயமான அளவு விசாரித்து எழுதியதாகப் பத்திரிகை காட்டினால் போதும். ஒவ்வொரு வரியும் உண்மை என்று நிறுவ வேண்டியதில்லை. தனிப்பட்ட பகையோ தீய நோக்கமோ இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. உள்ளூர் அதிகாரிகளைப் பற்றி எழுதும் செய்தியாளர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு பத்தி இந்திய தீர்ப்புகளில் அரிது.

நீதிமன்ற அவமதிப்பு, சட்டமன்ற உரிமை ஆகிய இரண்டும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டன. அலுவல் இரகசியச் சட்டம் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் என்பதும் தெளிவுபடுத்தப்பட்டது. சட்டமன்ற உரிமை என்பது தமிழ்நாட்டில் வெறும் ஏட்டுச் சொல் அல்ல. 1987இல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டமன்றமே சிறைக்கு அனுப்பியது. கடும் எதிர்ப்புக்குப் பின்னரே அவர் விடுவிக்கப்பட்டார். அந்தக் கதவை 1994 தீர்ப்பு தொடவே இல்லை.

திறந்து விடப்பட்ட வழி

இதைவிடப் பெரிய கதவு ஒன்றும் திறந்தே கிடந்தது. அவதூறைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 ஆகிய பிரிவுகளைப் பேச்சுரிமையின் அடிப்படையில் தாம் ஆராயவில்லை, அது தக்க வழக்குக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அமர்வே சொல்லிவிட்டது. விளைவு விநோதமானது. தனக்கு அவதூறு நேர்ந்ததாக அரசு உரிமையியல் நீதிமன்றத்தில் பணம் கேட்க முடியாது. ஆனால் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) பிரிவின்படி, அமைச்சரையோ அதிகாரியையோ அவர்களுடைய அலுவல் சார்ந்த நடத்தை குறித்து அவதூறு செய்ததாக, அரசின் அனுமதியோடு அரசு வழக்கறிஞரே அமர்வு நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். செலவு அரசுடையது. குற்றம் சாட்டப்பட்டவர் தம் செலவில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர வேண்டும். தண்டனை இரண்டு ஆண்டு சிறைவரை போகலாம். சல்லிவன் வழியில் அமர்வு வகுத்த ‘நியாயமான விசாரிப்பு’ அளவுகோல் இங்கே தானாக வந்து உட்காராது.

இந்த வழி தாராளமாகப் பயன்படுத்தப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் அரசியல் எதிரிகள் மீதும் ஊடகங்கள் மீதும் தமிழ்நாடு அரசு தொடர்ந்த அவதூறு வழக்குகள் 200க்கு மேல் என்பது 2016இல் உச்ச நீதிமன்றத்தில் அரசே தந்த கணக்கிலிருந்து தெரியவந்தது. அதே ஆண்டு மே 13 அன்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் குற்றவியல் அவதூறுப் பிரிவுகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ராஜகோபால் அமர்வு சொன்ன ‘தக்க வழக்கு’ வந்தது, பத்திரிகைகளுக்குப் பாதகமாக முடிந்தது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பத்திரிகை ஆசிரியர்கள் மீது அரசு தொடர்ந்திருந்த பல வழக்குகளை ரத்துசெய்து, தனி மனிதரைப் போல அரசு சட்டென்று சினம் கொண்டு அவதூறு வழக்குத் தொடரக் கூடாது என்று கண்டித்தது. கண்டிப்பு அந்த வழக்குகளோடு நின்றது. பிரிவு அப்படியே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவாகவும், அரசு வழக்கறிஞர் புகார் தரும் முறை புதிய நடைமுறைச் சட்டத்தின் 222ஆவது பிரிவாகவும் தொடர்கின்றன.

மற்றொரு வழி 1994இல் யாரும் நினைத்துப் பார்த்திராதது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவு இணையப் பக்கங்களை முடக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66அ பிரிவை 2015இல் நீக்கிய உச்ச நீதிமன்றம், எழுத்து மூலமான காரணம், குழுவின் ஆய்வு போன்ற பாதுகாப்புகள் உள்ளன என்று சொல்லி 69அ பிரிவை நிலைநிறுத்தியது. 2025 பிப்ரவரியில் பிரதமரைச் சித்திரித்த ஒரு கேலிச்சித்திரத்தை அடுத்து ‘விகடன்’ இணையதளம் முழுவதும் முடங்கியது. மார்ச் மாதம், அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு முடக்கத்தை விலக்கச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. இங்கே அதிகாரிகளின் கையில் வெறும் கடிதம் இல்லை, ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. ஆகவே ‘சட்டம் எதுவும் காட்டப்படவில்லை’ என்ற ராஜகோபால் வாதத்தை இங்கே எடுத்துவைக்க முடியாது. அதன் இரண்டாம் அடித்தளமான வலுவான எதிர் ஊகமும் அரசின் மேல் விழும் பாரமும்தான் மிஞ்சுகின்றன. ஒரு சித்திரத்துக்காக ஒரு தளம் முழுவதையும் முடக்குவது அந்தப் பாரத்தை எப்படி நிறைவேற்றும் என்பதை, முன்தடை பற்றிய அந்தப் பத்தியை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு ஓர் அமர்வு விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது.